வீட்டு பேட்டரிக்குக் காசு போடும் முன் நான் போட்ட கணக்கு

வீட்டில் சோலார் இருக்கிறது, பேட்டரியும் போட்டுவிடலாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான். பகலில் மிஞ்சி வெளியே போகிற மின்சாரத்துக்கு இப்போது உங்களுக்கு என்ன கிடைக்கிறது? பெரும்பாலானவர்களுக்குப் பதில் தெரியாது. பேட்டரியின் விலை தெரியும், எத்தனை யூனிட் பிடிக்கும் என்பது தெரியும், பத்து வருட வாரண்டி என்பது தெரியும், பக்கத்து வீட்டில் போட்டுவிட்டார்கள் என்பது மிக நன்றாகத் தெரியும். ஆனால் மொத்தக் கணக்கும் நிற்பது அந்த ஒரு எண்ணின் மேல்தான்.

நான் இதில் இறங்கியது சோலார் போட்டு நன்றாகப் பழகிய பிறகு. பேனல்கள் முழு வீச்சில் ஓடும் நேரத்தில் வீட்டில் ஆளே இருப்பதில்லை, ஃபிரிட்ஜும் வைஃபை ரூட்டரும் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், எல்லோரும் வந்து சேர்ந்து விளக்கு, டிவி, ஏசி என்று ஆரம்பிக்கும்போது சூரியன் இறங்கியிருக்கும். இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. பேட்டரி இல்லாத வீடுகள் தங்கள் சோலாரில் சுமார் மூன்றில் ஒரு பங்கைத்தான் தாங்களே பயன்படுத்துகின்றன, மீதி வெளியே போய்விடுகிறது. பேட்டரி வைத்தால் அது மூன்றில் இரண்டு பங்கு வரை ஏறலாம். இந்த ஒரு வரியை வைத்துத்தான் விற்பனை முழுக்க நடக்கிறது, வரியில் பொய்யும் இல்லை. ஆனால் நம் மின்சாரத்தை நாமே பயன்படுத்துவதும், அதனால் லாபம் வருவதும் ஒன்றல்ல.

சில இடங்களில் கொட்டேஷன் வாங்கினேன். எல்லோருமே 5 யூனிட் மாட்யூல், அதாவது 5 யூனிட் பிடிக்கும் தனித்தனிப் பேட்டரிப் பெட்டி, இரண்டு, ஆக மொத்தம் 10 யூனிட் என்றுதான் சொன்னார்கள். ஒருவர் அழகாக அச்சடித்த தாளில் 'ஆண்டு சேமிப்பு' என்று பெரிய எழுத்தில் ஒரு தொகை போட்டிருந்தார். அந்தத் தொகை எப்படி வந்தது என்று பிரித்துப் பார்த்தேன். 10 யூனிட், 365 நாள், முழுக் கட்டணம், மூன்றையும் பெருக்கியிருந்தார், அவ்வளவுதான். அதாவது பேட்டரி தினமும் அடிமட்டம் வரை காலியாகி மறுபடி முழுக்க நிரம்புகிறது, வருடத்தில் ஒரு நாள்கூட மழையோ மேகமோ இல்லை, உள்ளே போனது ஒரு சொட்டும் குறையாமல் வெளியே வருகிறது, அது போதாதென்று அந்த மின்சாரம் நமக்கு இலவசம். இந்த நான்குமே தவறு. கடைசியாகச் சொன்னதுதான் பெரிய தவறு.

ஏன் என்றால், பேட்டரிக்குள் போகிற ஒவ்வொரு யூனிட்டும் வெளியே விற்றிருக்கக்கூடிய யூனிட். எண் வைத்துச் சொல்கிறேன், உங்கள் ஊர் எண்ணை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி வாங்கும் யூனிட்டுக்கு 10 கொடுக்கிறோம், பகலில் விற்கும் யூனிட்டுக்கு 4 கிடைக்கிறது என்று வையுங்கள். நல்ல பேட்டரியும் இன்வெர்ட்டரும் சேர்ந்தால் போட்டதில் 90 சதவீதம் திரும்பி வரும், அதாவது ராத்திரி ஒரு யூனிட் எடுக்க பகலில் 1.11 யூனிட் உள்ளே தள்ள வேண்டும். அதை விற்றிருந்தால் ஏறத்தாழ நாலரை வந்திருக்கும். ஆக நமக்கு உண்மையில் மிஞ்சுவது பத்து இல்லை, ஐந்தரை. கொட்டேஷனில் இருந்த சேமிப்பு இந்த ஒரே இடத்தில் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது.

இன்னும் மோசமான நிலை ஒன்று உண்டு. சில இடங்களில் வெளியே கொடுக்கும் யூனிட்டை வாங்கும் யூனிட்டோடு ஒன்றுக்கு ஒன்று கழித்துக்கொள்வார்கள், நெட் மீட்டரிங் என்பது அதுதான். அப்படி இருந்தால் கிரிட்டே, அதாவது வெளியே உள்ள பொது மின் கட்டமைப்பே, உங்களுக்கு இலவச பேட்டரி, அதுவும் தேயாத பேட்டரி. அங்கே சொந்த பேட்டரியில் ஒரு யூனிட்டைப் போட்டு எடுத்தால் லாபம் சுழியம்கூட இல்லை, போய் வந்த இழப்பு உங்கள் தலையில். என் அக்கா வீட்டில் இதுதான் நிலைமை. "ஏன்டா, நீ மட்டும் போட்டிருக்க, எங்களுக்கு வேண்டாமா?" என்று கேட்டாள். "வேண்டாம்க்கா, உங்களுக்குத்தான் ஒண்ணுக்கு ஒண்ணு கழிக்கிறாங்களே, கரண்டும் அடிக்கடி போறதில்ல, அந்தக் காசுல வேற ஏதாவது பண்ணுங்க" என்றேன். கொஞ்சம் கோபம்தான் அவளுக்கு, நான் ஏதோ நல்லதை மறைத்து வைப்பது மாதிரி. அத்தான்தான் பில்லை எடுத்து வந்து, கணக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

ஆனால் அந்த ஏற்பாடு என்றைக்கும் அப்படியே இருக்கும் என்று நினைத்துக்கொள்ளவும் கூடாது. கலிஃபோர்னியாவில் 2023 ஏப்ரல் நடுவுக்குப் பிறகு விண்ணப்பித்த புதிய சோலார் வீடுகளுக்கு, வெளியே கொடுக்கும் மின்சாரத்துக்கான தொகையைக் கடுமையாகக் குறைத்துவிட்டார்கள். அதுவரை தேவையில்லாமல் இருந்த பேட்டரி அங்கே ஒரே விதி மாற்றத்தில் தேவையாகிப் போனது, பேட்டரி அதே பேட்டரிதான். அதனால் உங்கள் நெட் மீட்டரிங் ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்கு என்று தேடிப் பாருங்கள். அது முடியும் வருடம் பேட்டரியைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டிய வருடம்.

சோலாரே இல்லாமல் பேட்டரி மட்டும் வைப்பவர்களும் உண்டு. நேரத்துக்கு நேரம் கட்டணம் மாறும் இடங்களில், நடு ராத்திரி மலிவாக வாங்கி நிரப்பி, மாலை உச்ச நேரத்தில் எடுத்துப் பயன்படுத்துவார்கள். அங்கேயும் இதே கணக்குதான். மலிவு நேர விலைக்கும் உச்ச நேர விலைக்கும் உள்ள இடைவெளி, அதில் இழப்பைக் கழித்தது. இடைவெளி சின்னதாக இருந்தால், ஆப் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் பயனில்லை.

சரி, ஒரு யூனிட்டுக்கு ஐந்தரை மிஞ்சுகிறது. பேட்டரியில் ஒரு யூனிட்டைச் சேமித்து எடுக்க எவ்வளவு ஆகிறது? இதைத்தான் யாரும் கொட்டேஷனில் எழுதித் தருவதில்லை. நாமே போட்டுக்கொள்ளலாம். 5.12 யூனிட் மாட்யூல் ஒன்று, அதில் 90 சதவீதம் பயன்படுத்தினால் நாளுக்கு 4.6. வருடத்தில் 300 நாள் முழுசாகச் சுழலும், அதாவது நிரம்பிக் காலியாகும் என்று கொஞ்சம் தாராளமாகவே வைத்தால் 1,380 யூனிட். பத்து வருடக் கடைசியில் கொள்ளளவு 70 சதவீதத்துக்கு இறங்கும் என்று எடுத்துக்கொண்டால் சராசரி 85 சதவீதம், மொத்தம் சுமார் 11,700 யூனிட். இப்போது பேட்டரி, அதற்கென்று கூடுதலாகப் போடும் இன்வெர்ட்டர், ஒயரிங், ஆள் கூலி, வரி எல்லாம் சேர்ந்த தொகையை 11,700-ஆல் வகுங்கள். வருவதுதான் ஒரு யூனிட்டைச் சேமிக்கும் செலவு. அது ஐந்தரைக்குக் கீழே என்றால் போடலாம், மேலே என்றால் பணத்துக்காகப் போடக் கூடாது. கடன் வாங்கிப் போடுவதாக இருந்தால் வட்டியையும் மேலே சேருங்கள், சேர்த்த பிறகு நிறைய கணக்குகள் கவிழ்ந்துவிடும்.

அந்த 300 நாள் என்ற எண்தான் என்னை நிறைய யோசிக்க வைத்தது. பேட்டரி விற்பவர்கள் கொள்ளளவைப் பற்றியே பேசுவார்கள், நமக்குக் காசு திரும்பி வருவதோ அது எத்தனை முறை சுழல்கிறது என்பதில். கடை வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும், நகராத சரக்கு எவ்வளவு நல்ல சரக்காக இருந்தாலும் அது முடங்கிய முதல்தான். பேட்டரியின் முதல் யூனிட் தினமும் சுழலும், ஏனென்றால் எந்த ராத்திரியும் வீட்டில் ஒரு யூனிட்டாவது செலவாகும், எந்த மந்தமான பகலிலும் ஒரு யூனிட்டாவது மிஞ்சும். ஐந்தாவது யூனிட் பெரும்பாலான நாட்களில் சுழலும். பத்தாவது யூனிட் சுழல வேண்டுமானால் அன்று பகலில் பத்துக்கு மேல் மிஞ்சியிருக்கவும் வேண்டும், ராத்திரி பத்து செலவாகவும் வேண்டும், இரண்டும் ஒரே நாளில் நடக்க வேண்டும். முதல் யூனிட்டுக்கும் பத்தாவது யூனிட்டுக்கும் நாம் கொடுக்கும் விலை மட்டும் ஒன்றுதான்.

அதனால் கொட்டேஷன்களை ஓரமாக வைத்துவிட்டு ஒரு நோட்டில் மீட்டரை எழுத ஆரம்பித்தேன். சூரியன் மறையும் நேரத்தில் ஒரு ரீடிங், காலையில் பேனல் விழிக்கும் நேரத்தில் ஒரு ரீடிங், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ராத்திரிச் செலவு. சோலார் இன்வெர்ட்டரின் ஆப்பில் அன்று வெளியே போன யூனிட் தெரியும், அதையும் பக்கத்தில் எழுதினேன். இரண்டில் எது சிறியதோ அதுதான் அன்றைக்கு பேட்டரி செய்திருக்கக்கூடிய வேலை. வெயில் நாள், மழை நாள், விருந்தாளிகள் வந்த நாள், வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போன நாள் என்று எல்லாமே அதில் வர வேண்டும், ஒரு பருவத்தை மட்டும் எழுதினால் ஏமாந்துவிடுவோம். ஸ்மார்ட் மீட்டர் உள்ளவர்களுக்கு இந்த நோட்டே வேண்டாம், மணிவாரியான கணக்கை அப்படியே இறக்கிக்கொள்ளலாம்.

என் நோட்டில் வந்தது இதுதான். பெரும்பாலான நாட்களில் நாலுக்கும் ஆறுக்கும் நடுவில். ஏசி விடாமல் ஓடிய நாட்களில் ராத்திரிச் செலவு பத்தைத் தாண்டியது, அந்த நாட்கள் வருடத்தில் ஒரு பருவம் மட்டும்தான். மேகமூட்டமான வாரங்களில் மிஞ்சுவதே இரண்டு மூன்றுதான், அப்போது பெரிய பேட்டரி பாதி காலியாகச் சும்மா நிற்கும். வெயில் காலத்தில் மிஞ்சுவதை மழைக் காலத்துக்கு எடுத்து வைக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள், முடியாது. வீட்டு பேட்டரி பகலை ராத்திரிக்கு நகர்த்தும், ஒரு பருவத்தை இன்னொரு பருவத்துக்கு நகர்த்தாது. ஆக முதல் மாட்யூலுக்குக் கணக்கு சரியாக வந்தது, இரண்டாவதற்கு வரவில்லை. ஒன்று போதும் என்று சொன்னபோது விற்பனையாளர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒன்றை வாங்கும்போது இன்வெர்ட்டர் பின்னால் இன்னொன்றையும் ஏற்கும் வகையாகப் பார்த்துக்கொண்டேன். ஆனால் அதிலும் ஒரு சங்கதி. சில தயாரிப்பாளர்கள் பழைய மாட்யூலோடு புதியதைச் சேர்ப்பதற்கு காலக்கெடு வைக்கிறார்கள், பல வருடம் தேய்ந்ததோடு புத்தம் புதியதை இணைத்தால் இரண்டும் ஒரே மாதிரி உழைக்காது. 'பிறகு சேர்த்துக்கொள்ளலாம்' என்று வாயால் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வராமல், எத்தனை வருடம் வரை என்று எழுதி வாங்குவது நல்லது.

இதுவரை சொன்னது பில் கணக்கு. கரண்ட் போனால் என்ன ஆகும் என்பது வேறு கணக்கு, இரண்டையும் ஒரே தாளில் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம். முதலில் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும் விஷயம், கிரிட்டோடு இணைந்த சாதாரண சோலார் இன்வெர்ட்டர் கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும், உச்சி வெயிலாக இருந்தாலும். கம்பத்தில் வேலை செய்பவர் மேல் நம் வீட்டு மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். பேட்டரி வாங்கினாலும் அதோடு பேக்கப் வசதி தானாக வந்துவிடாது. சில ஏற்பாடுகள் பில்லைக் குறைக்க மட்டுமே, கரண்ட் போனால் பேட்டரி நிறைய இருந்தும் வீடு இருட்டாகத்தான் இருக்கும். பேக்கப் வெளியீடு உள்ள ஹைபிரிட் இன்வெர்ட்டரா (பேனல், பேட்டரி, கிரிட் மூன்றையும் ஒன்றாகக் கையாள்வது), கரண்ட் இல்லாத நேரத்திலும் பேனல் பேட்டரியை நிரப்புமா, மாறுவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கும், இந்த மூன்றையும் கேட்க வேண்டும். 20 மில்லிவினாடிக்குள் மாறினால் கம்ப்யூட்டருக்கே பொதுவாகத் தெரியாது, சில வினாடி எடுக்கும் ஏற்பாட்டில் எல்லாம் ஒருமுறை அணைந்து எரியும்.

அப்புறம் கிலோவாட் வேறு, யூனிட் வேறு. ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பது கிலோவாட், மொத்தம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது யூனிட். 5 யூனிட் பேட்டரி என்றால் 5 கிலோவாட் சாதனத்தை ஒரு மணி நேரம் ஓட்டும் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் பல மாட்யூல்கள் தொடர்ந்து தருவது அதில் பாதி அளவு சக்திதான். 2 கிலோவாட் கெட்டில் ஒன்றைப் போட்டுவிட்டு, அது கொதிப்பதற்குள் ஏசியையும் தட்டினால் இன்வெர்ட்டர் மூச்சுத் திணறும். மோட்டார் உள்ள சாதனங்கள் இன்னும் மோசம், பம்போ பழைய வகை கம்ப்ரஸரோ கிளம்பும் அந்த நொடியில் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு இழுக்கும். என் வீட்டில் விளக்கு, மின்விசிறி, ஃபிரிட்ஜ், ரூட்டர், ஒரு அறையின் பிளக்குகள் இவற்றை மட்டும் தனி போர்டுக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். எலக்ட்ரீஷியன் முழு வீட்டையும் கொடுத்துவிடலாம் என்றார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஃபிரிட்ஜ் நாள் முழுக்க ஓடினாலும் ஒரு யூனிட், ஒன்றரை யூனிட் எடுக்கும், எல்இடி விளக்குகள் கணக்கிலேயே வராது, மின்விசிறியும் அப்படித்தான். இவ்வளவுதான் என்றால் ஒரு மாட்யூல் ராத்திரி முழுக்கத் தாராளமாகத் தாங்கும். ஏசியைச் சேர்த்தால் அதே பேட்டரி சில மணி நேரத்தில் காலி.

பில்லும் பேக்கப்பும் ஒன்றுக்கொன்று இடிக்கும் என்பது வைத்த பிறகுதான் நன்றாக உறைத்தது. கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது, அதனால் பேட்டரியில் எப்போதும் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும். 30 சதவீதம் ஒதுக்கினால் அந்த 30 சதவீதம் தினசரி சுழற்சியில் சேராது, மேலே போட்ட 11,700 யூனிட் கணக்கு அந்த அளவுக்கு இளைத்துப்போகும். நான் சாதாரண நாட்களில் ஒதுக்கீட்டைக் குறைவாக வைத்து, புயல் மழை என்று செய்தி வந்தால் கூட்டி வைக்கிறேன். மறந்துபோய் மாட்டிக்கொண்டதும் உண்டு, பெரிய விஷயம் இல்லை.

பேக்கப்புக்கு என்ன விலை போடுவது என்பதில் யாருக்கும் யாரும் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் வயதானவருக்கு ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் ஓட வேண்டும், அது 300-லிருந்து 600 வாட் வரை விடாமல் இழுக்கும் சாதனம். அவர்கள் கணக்கே போடவில்லை, பெரிய பேட்டரியாகவே வாங்கினார்கள், நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். அங்கேகூட பேட்டரியை மட்டும் நம்பாமல் ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னார் அவர்கள் மருத்துவர். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களுக்கும் ஓரளவு இது பொருந்தும். ஆனால் எப்போதோ ஒருமுறை அரை மணி நேரம் கரண்ட் போகிற இடத்தில், ரூட்டருக்கும் மடிக்கணினிக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கினாலே பாதித் தொல்லை தீர்ந்துவிடும், அதற்காகச் சுவரில் நூறு கிலோ தூக்கி மாட்ட வேண்டியதில்லை.

பேட்டரிக்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது, விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். வேலையைப் பகலுக்கு நகர்த்துவது. துணி துவைக்கும் இயந்திரம், பம்பு, பாத்திரம் கழுவும் இயந்திரம் எல்லாவற்றிலும் டைமர் இருக்கிறது. எல்லாவற்றையும் விடப் பெரியது வெந்நீர். 200 லிட்டர் தண்ணீரை 40 டிகிரி சூடாக்க 9 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே ஆகும். மின்சாரத்தில் வெந்நீர் போடும் வீட்டில், நல்ல காப்பு உறை உள்ள டாங்கியோடு ஒரு டைமரை மாட்டி நடுப்பகலில் ஓட விட்டால், கொட்டேஷனில் சொன்ன இரண்டு மாட்யூல் செய்யும் வேலை கிட்டத்தட்ட நடந்துவிடுகிறது. ஒரு டைமர் விலையில்! நாங்கள் இதைச் செய்த பிறகு ராத்திரிச் செலவு நோட்டில் கண்ணுக்குத் தெரிந்தே இறங்கியது, இரண்டாவது மாட்யூல் வேண்டாம் என்று தீர்மானிக்க அதுவும் ஒரு காரணம்.

வகையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டுக்கு இன்று பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்தான். 1990-களில் ஜான் குட்இனஃப் குழு கண்டுபிடித்த பொருள், அவருக்கு லித்தியம் அயன் பேட்டரிக்காக 2019-இல் நோபல் கிடைத்தது. மற்ற லித்தியம் வகைகளை ஒப்பிட்டால் அதே எடையில் கொஞ்சம் குறைவாகத்தான் பிடிக்கும், ஆனால் சுவரில் நிற்கப்போகும் பெட்டிக்கு எடை பெரிதில்லை, அதிக முறை சுழலும், அதிகச் சூட்டைத் தாங்கும். ஈய அமில பேட்டரி வாங்கும்போது மலிவு, ஆனால் பாதிக்கு மேல் காலி செய்தால் சீக்கிரம் தேயும், போட்டதில் கணிசமாக இழப்பு. எப்போதாவது கரண்ட் போகும்போது மட்டும் என்றால் அது போதும், தினமும் சுழற்ற அது ஆகாது.

எந்த வகையாக இருந்தாலும் பேட்டரியின் எதிரி சூடு. மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டின் தகரக் கூரைக்கு அடியில் மாட்டலாம் என்றார் ஒருவர், ஒயர் மிச்சமாம். வேண்டாம் என்று சொல்லி, வெயில் படாத, காற்றோட்டமுள்ள வெளிச் சுவரில் போடச் சொன்னேன். படுக்கையறையில் கூடாது, வெளியேறும் வழியில் கூடாது. இரும்பு பாஸ்பேட் பாதுகாப்பானது என்று சொன்னால் எரியவே எரியாது என்று அர்த்தம் இல்லை, கட்டுமீறிப் போனால் அதிலிருந்தும் தீப்பிடிக்கக்கூடிய வாயு வெளியே வரும். கடுங்குளிர் உள்ள இடத்தில் இருப்பவர்களுக்கு வேறு பிரச்சினை, சுழியம் டிகிரிக்குக் கீழே லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்தால் உள்ளே உலோகமாகப் படிந்து கெடும், அதனால் நல்ல பேட்டரி அப்போது சார்ஜ் ஏற்கவே மறுக்கும்.

வாரண்டித் தாளைப் படிக்கும் பொறுமை எல்லோருக்கும் இருக்காது, ஆனால் மூன்று இடத்தை மட்டுமாவது தேடிப் படியுங்கள். பத்து வருடக் கடைசியில் எத்தனை சதவீதம் மிஞ்சும் என்று உறுதி தருகிறார்கள், 60-ஆ, 70-ஆ, 80-ஆ. மொத்தம் இத்தனை யூனிட் வெளியே எடுத்தால் வாரண்டி முடிந்தது என்று ஒரு வரம்பு இருக்கிறதா. தினமும் இரண்டு முறை சுழற்ற நினைப்பவர்களுக்கு அந்த வரம்பு பத்து வருடத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். மூன்றாவது, எந்த வெப்ப நிலை வரை. 6,000 சுழற்சி என்று விளம்பரத்தில் இருப்பதைப் பார்த்து தினம் ஒன்று என்றால் 16 வருடம் வருமே என்று மகிழ்ந்துவிடாதீர்கள், பேட்டரி சுழலாமல் சும்மா இருந்தாலும் வயதாகும்.

வைத்த பிறகு தெரிந்தவற்றில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று, இன்வெர்ட்டர் தனக்கென்று தின்பது. என் ஹைபிரிட் இன்வெர்ட்டர் எதுவும் செய்யாமல் நிற்கும்போதே சுமார் 60 வாட் எடுக்கிறது. சின்னதுதானே என்று தோன்றும், 24 மணி நேரமும் என்றால் நாளுக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட், வருடத்துக்கு 500-க்கும் மேல். நான் பேட்டரியிலிருந்து வருடத்துக்கு எதிர்பார்த்ததே 1,380! இது 90 சதவீதம் என்ற கணக்கில் சேராது, எல்லோரும் தூங்கிய பிறகு நூறு நூற்றைம்பது வாட் மட்டும் ஓடும் வீட்டில் ராத்திரி இழப்பு அச்சடித்த எண்ணைவிட அதிகம். வாங்கும் முன் தரவுத்தாளில் சும்மா நிற்கும் செலவு எவ்வளவு என்று பார்த்து, இரண்டு மாடல்களை அதில் ஒப்பிடுங்கள். பேட்டரியின் விலையைவிட இது சில வீடுகளில் கணக்கை அதிகம் மாற்றும்.

இன்னொன்று மழைக் காலத்தில் பார்த்தது. சில வாரம் பேட்டரி முழுசாக நிரம்பவே இல்லை, ஆப்பில் 20 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று அணைந்துவிட்டது. பழுதாகிவிட்டதோ என்று கூப்பிட்டால், இரும்பு பாஸ்பேட்டின் மின்னழுத்தம் நடுவில் ஏறக்குறைய சமமாகவே இருக்கும், அதனால் எவ்வளவு மிச்சம் என்பதை அது ஊகித்துத்தான் காட்டுகிறது, அவ்வப்போது முழுசாக நிரப்பினால்தான் அந்த ஊகம் சரிப்படும் என்று சர்வீஸ் ஆள் பொறுமையாக விளக்கினார். இப்போது மந்தமான வாரங்களில் ஒருமுறை கிரிட்டிலிருந்து முழுசாக நிரப்பி விடுகிறேன், அந்தத் தொல்லை வரவில்லை.

இன்னும் காத்திருந்தால் விலை இறங்குமே என்று கேட்பவர்களுக்கு: இறங்கியிருக்கிறது, உண்மைதான். லித்தியம் அயன் பேட்டரிப் பொதிகளின் உலகச் சராசரி விலை 2010-க்கும் 2020-க்கும் நடுவில் ஏறத்தாழ 90 சதவீதம் சரிந்தது. நடுவில் 2022-இல் மூலப்பொருள் விலையால் கொஞ்சம் ஏறவும் செய்தது, பிறகு மறுபடி இறங்கியது. ஆனால் நம் கொட்டேஷனில் பேட்டரி செல் ஒரு பங்குதான், இன்வெர்ட்டரும் ஒயரும் ஆள் கூலியும் அனுமதிச் செலவும் அந்த வேகத்தில் இறங்குவதில்லை. உங்கள் கணக்கு இன்றைக்கே தேறுகிறது என்றால் காத்திருக்கும் ஒவ்வொரு வருடமும் யூனிட்டுக்கு அந்த ஐந்தரையை இழக்கிறீர்கள், தேறவில்லை என்றால் தாராளமாகக் காத்திருங்கள், அவசரம் விற்பவருக்குத்தான். 'இந்த மாதத்தோடு மானியம் முடிகிறது' என்று சொன்னால் மட்டும் அரசு அறிவிப்பை நீங்களே தேடிப் படித்துவிடுங்கள்.

என் பேட்டரி போட்ட காசைத் திருப்பித் தருமா என்றால், வாரண்டி முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் தரும் என்பதுதான் இன்வெர்ட்டர் தின்பதையும் கழித்துப் போட்ட கணக்கு. பெரிய லாபம் இல்லை. கரண்ட் போனால் வீட்டில் யாரும் கவனிப்பதே இல்லை என்பதற்கு நான் தனியாக ஒரு விலை போட்டுக்கொண்டிருக்கிறேன், அது என் சொந்த விஷயம். இரண்டாவது மாட்யூல் இப்போதும் வாங்கவில்லை, வாங்கவும் போவதில்லை. மின்சார கார் ஒன்றில் 60 யூனிட் பேட்டரி சாதாரணம், வீட்டுச் சுவரில் இருப்பதைப் போல் பன்னிரண்டு மடங்கு. காரிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கும் ஏற்பாட்டை ஜப்பானில் நிசான் 2012-லேயே லீஃப் காரோடு விற்க ஆரம்பித்தது. இன்னும் எல்லாக் கார்களிலும் அந்த வசதி வரவில்லை, அதற்கான சார்ஜரும் விலை அதிகம், பகலில் கார் வீட்டில் நிற்காதவர்களுக்கு சோலாரை அதில் நிரப்பவும் முடியாது. ஆனாலும் அடுத்த சில வருடத்தில் கார் வாங்கும் எண்ணம் உள்ளவர்கள், சுவருக்குப் பெரிய பேட்டரி பேசி முடிப்பதற்கு முன்னால், வாங்கப்போகும் மாடல் வீட்டுக்கு மின்சாரம் திருப்பித் தருமா என்று ஷோரூமில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.